துரையின் எடை விஷயமாக

மரியாதைக்கும் பயத்துக்கும் உரிய அக்காவுக்கு, தம்பி எழுதிக்கொள்வது.

இங்கே நான் சுகம். அங்கே முழங்கால் நீங்கலாக மற்றபடி நீ சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். உன் கடிதம் செவ்வாய்க்கிழமை கைக்கு வந்தது. நாலு பக்கத்தில் மூன்றரைப் பக்கம் திட்டு, அரைப் பக்கம் கேள்வி. ஒரு போன் போட்டிருக்கலாமே என்று கேட்பாய். போனில் உனக்குக் காது கேட்பதில்லை, எனக்கோ நீ பேசி முடிக்கும்வரை வாயைத் திறக்க வழியில்லை. எழுத்தில்தான் உன்னிடம் ஒரு பேச்சைத் தொடங்கி அதை நானே முடிக்கவும் முடிகிறது. அதனால் பொறுமையாகப் படி. நடுவில் எழுந்து பையில் துணி எடுத்து வைக்காதே.

முதலில் முக்கியமானது. நான் வெட்டுக்கிளி தின்னவில்லை. புழுவும் தின்னவில்லை. இங்கே மிருகக்காட்சிசாலை டிக்கெட் கவுண்டரில் உட்கார்ந்திருக்கும் நம் சித்தி மகன் உனக்குப் போன் போட்டு, "உன் தம்பி மிருகத்தோட சாப்பாட்டத் திருடித் திங்கிறான் அக்கா, ஆளு பாதியாயிட்டான்" என்று சொன்னானாம். அவனுக்குக் கண்ணாடி வழியாக உலகத்தைப் பார்த்துப் பார்த்துப் பாதி தெரிவதும், மீதியை அவனே போட்டு நிரப்பிக்கொள்வதும் பழக்கம். அவன் பார்த்தது உண்மை. விடிந்ததும் ஆபீஸ் பின்புறப் புல்வெளியில் நான் துண்டை வீசி வெட்டுக்கிளி பிடித்தேன். பிடித்ததை என் சாப்பாட்டு டப்பாவில் போட்டு மூடினேன். அதுவும் உண்மை. அதற்கு மேல் அவன் சொன்னது அவன் சொந்தச் சரக்கு. ஏன் பிடித்தேன் என்று சொல்ல வேண்டுமானால் துரையிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

"அது எவ்ளோ பெருசு இருக்கும்? கடிக்குமா?" என்று கேட்டிருக்கிறாய். எட்டு வருஷமாக நான் உனக்குத் துரையைப் பற்றி எழுதி வருகிறேன், உன் மனதில் அது ஒரு கரடி அளவுக்கு வளர்ந்திருக்கிறது என்று தெரிகிறது. துரை ஒரு தேவாங்கு. தலையிலிருந்து பின்புறம்வரை அளந்தால் என் கைக்கு ஒரு சாண், அவ்வளவுதான். வால் கிடையாது. கை கால்கள் உன் பின்னல் ஊசியைவிடக் கொஞ்சம் தடிமன். கண் மட்டும் முகத்தில் பாதி. எடை, ஐந்து கோழி முட்டையை ஒரு கைக்குட்டையில் முடிந்தால் என்ன கனமோ அது. மழைக்காட்டுப் பிராணி. பகலெல்லாம் தூங்கிவிட்டு இருட்டினதும் எழுந்து சாப்பாடு எங்கே என்று பார்க்கிறவனுக்குத் துரை என்று பேர் வைக்காமல் வேறென்ன வைப்பது. பார்க்க வருகிறவர்களுக்காக எங்கள் இரவுப் பிராணிகள் கூடத்தில் பகலில் எல்லா விளக்கையும் அணைத்து ஒரு சிவப்பு விளக்கை மட்டும் விடுவோம், ராத்திரி பளீரென்று வெள்ளை விளக்கு எரியும். துரைக்கு நம் பகல்தான் ராத்திரி. எட்டு வருஷமாக நாங்கள் ஏமாற்றுகிறோம், அவன் ஏமாந்துகொண்டிருக்கிறான், இரண்டு பேருக்கும் இதில் மனத்தாங்கல் இல்லை.

அவன் கையைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும், பின்னால் உதவும். துரை எதையாவது பிடித்துவிட்டால் விடமாட்டான். என் சுண்டு விரலைப் பிடித்தால் அப்புறம் சுண்டு விரல் அவனுடையது. பள்ளிக்கூடத்தில் தடுப்பூசி போட வந்தபோது நான் பெஞ்சுக்கு அடியில் ஒளிந்துகொள்ள, மூன்றாவது வகுப்பிலிருந்து நீ வந்து என் மணிக்கட்டைப் பிடித்துத் தரதரவென்று இழுத்துக்கொண்டு போனாயே, அந்தப் பிடி. அப்போது நீ என்னைக் கூப்பிட்ட பெயரும் தேவாங்குதான். கை கால் குச்சியாக இருக்கிறது என்று தெருவெல்லாம் அந்தப் பெயரைப் பரப்பினவளும் நீயே. அதற்காக நான் உன்னோடு போட்ட சண்டைகளை எண்ணினால் இந்தத் தாள் போதாது. கடைசியில் தேவாங்குக்கே சோறு போடும் வேலைக்கு வந்து சேர்ந்தேன் பார்.

துரையை வாரம் ஒரு முறை எடை போட்டுப் பதிவேட்டில் எழுத வேண்டும். அதற்கென்று ஒரு சின்னத் தராசு இருந்தது. அதை அரசாங்க முத்திரை போட அனுப்பினார்கள். மூன்று மாதமாகிறது, முத்திரை போடுகிறவர்கள் இன்னும் போட்டுக்கொண்டே இருக்கிறார்கள். மிச்சம் இருந்தது, விலங்கு ஆஸ்பத்திரியில் மான்களை நிறுத்தும் பெரிய தராசு. ஆள் ஏறி நிற்கலாம், பத்துப் பத்து கிராமாகக் காட்டும். அதில் துரையைத் தனியாக விட்டால் நொடியில் இறங்கி என் கால்சட்டையைப் பிடித்து ஏறிவிடுவான். அப்போதுதான் எனக்கு ஒரு யோசனை உதித்தது. அன்றைக்கு நான் அடைந்த பெருமையை இப்போது நினைத்தால் கூச்சமாக இருக்கிறது. முதலில் நான் மட்டும் வெறுங்காலோடு ஏறினேன். அறுபத்தொரு கிலோ நானூற்றிருபது கிராம். அதைப் பதிவேட்டின் முதல் பக்கத்தில் பெரிதாக எழுதி அடியில் இரண்டு கோடு போட்டேன். பிறகு துரையோடு ஏறினேன். அறுபத்தொன்று அறுநூற்றுத் தொண்ணூறு. என்னைக் கழித்தேன், துரை இருநூற்றெழுபது. முப்பது வருஷமாக என் எடை மாறவில்லை, ஒரே சாப்பாடு, ஒரே நேரம், ஒரே அளவுச் சட்டை, ஆகவே ஒவ்வொரு வாரமும் என்னை வேறு தனியாக நிறுத்துவது வெட்டி வேலை என்று முடிவு செய்தேன். அலுவலகத்தில் என் யோசனையை எல்லோரும் பாராட்டினார்கள்.

அடுத்த வாரம் துரை இருநூற்று முப்பது. அதற்கடுத்த வாரம் நூற்றறுபது. ஒரு சாண் உடம்பில் நூறு கிராம் போய்விட்டால் மிச்சம் என்ன இருக்கிறது. ஆனால் பையன் பார்க்க நன்றாகத்தான் இருந்தான். கிளையில் நடக்கிறான், வைத்ததையெல்லாம் தின்கிறான், என் விரலைப் பிடித்தால் பழையபடி உயிர் போகிறது. சிவப்பு விளக்கில் பார்ப்பதால் தெரியவில்லை போலிருக்கிறது, கண் பொய் சொல்லும், எண் சொல்லாது என்று நினைத்துக்கொண்டேன். கிடங்கில் கொடுக்கும் புழு போதவில்லை போலும் என்று விடியற்காலையில் புல்வெளிக்கு வெட்டுக்கிளி பிடிக்கப் போக ஆரம்பித்தது அப்போதுதான். சித்தி மகன் கண்ணாடி வழியாகப் பார்த்ததும் அப்போதுதான்.

நாலாவது நாள் கண்காணிப்பாளரிடமிருந்து ஒரு குறிப்பாணை வந்தது. "தங்கள் பொறுப்பில் உள்ள பிராணி தொடர்ந்து இளைத்துவருவதும், தாங்கள் அன்றாடம் வெட்டுக்கிளி பிடித்துச் சாப்பாட்டு டப்பாவில் அடைத்துவருவதும் இவ்வலுவலகத்தின் கவனத்துக்கு வந்துள்ளன. இவ்விரண்டுக்கும் உள்ள தொடர்பை மூன்று நாட்களுக்குள் எழுத்துமூலம் விளக்கவும்." நானும் முறைப்படி பதில் எழுதினேன். பிராணி இளைக்கிறது, ஆகவே பிடிக்கிறேன், பிராணி தின்கிறது, ஆயினும் இளைக்கிறது என்று. நேரில் கூப்பிட்டார். நல்ல மனிதர்தான், ஆனால் இருட்டில் ஒரு முறை கம்பியில் நெற்றியை இடித்துக்கொண்டதிலிருந்து எங்கள் கூடத்துக்குள் வருவதில்லை. பதிவேட்டைத்தான் பார்ப்பார்.

"என்னய்யா, ஒரு கையளவு உசிரு, அதக் காப்பாத்த முடியலயா?" என்றார். "நூத்தம்பதுக்குக் கீழ போச்சுன்னா ஆராய்ச்சி நிலையத்துக்கு அனுப்பிடுவேன். செத்தா அங்க சாகட்டும், நம்ம பதிவேட்டுல சாக வேணாம்."

ஆராய்ச்சி நிலையம் ரயிலில் இரண்டு நாள் பயணம். துரை பெட்டிக்குள் இரண்டு நாள் தாங்கமாட்டான். வரும்போதே ஒரு சாக்குப்பையில் அரை உயிராகத்தான் வந்தான். யாரோ வளர்க்கிறேன் என்று பிடித்து வைத்திருந்து பறிமுதலானவன், இங்க் பில்லரில் பால் விட்டு நான் தேற்றினேன். அக்கா, உன்னிடம் மறைப்பானேன். என் வீட்டுக்காரி போய்ச் சேர்ந்த பிறகு, வேலைக்குக் கிளம்பிப் போக வேண்டும் என்று காலையில் எனக்குத் தோன்றுவது அவன் ஒருவனால்தான். எட்டு மாதத்தில் ஓய்வு. அதுவரையாவது அவன் என் கண்ணெதிரே இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன்.

அந்த வாரம் தராசில் ஏறினேன். அறுபத்தொன்று முந்நூற்று நாற்பது காட்டியது. கழித்துப் பார்த்தால் துரையின் எடை மைனஸ் எண்பது கிராம். இறங்கி மறுபடி ஏறினேன். மைனஸ் எண்பது. துரை என் சட்டைப் பித்தானைக் கடித்துக்கொண்டிருந்தான், தான் பூஜ்யத்துக்குக் கீழே போய்விட்டது அவனுக்குத் தெரியாது. தராசுதான் கெட்டுவிட்டது என்று புகார் எழுதிப் போட்டேன். பழுது பார்க்கிறவர் வந்து இருபது கிலோக் கற்களை ஒவ்வொன்றாக ஏற்றிப் பார்த்து, "தராசு சுத்தமா இருக்குங்க, ஏறுறதுலதான் ஏதோ இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் சொன்னதை அப்போதே யோசித்திருக்க வேண்டும். தராசைச் சந்தேகப்பட்டேன், துரையைச் சந்தேகப்பட்டேன், கிடங்கில் கொடுத்த புழுவைக்கூடச் சந்தேகப்பட்டேன். முதல் பக்கத்தில் இரண்டு கோடு போட்டு எழுதின எண்ணை மட்டும் சந்தேகப்படத் தோன்றவில்லை.

இதற்குப் பிறகு நான் செய்ததை நீ யாரிடமும் சொல்லக்கூடாது. கூடத்துச் சாவிக்கொத்தைக் கால்சட்டைப் பையில் போட்டுக்கொண்டு ஏறினேன். துரை இருநூற்றெழுபது ஆனான். கண்காணிப்பாளர் மகிழ்ந்தார். அடுத்த வாரம் சாவிக்கொத்து போதவில்லை, பின் கதவின் பூட்டையும் சேர்த்துக்கொண்டேன். அதற்கடுத்த வாரம் டார்ச் லைட். பிறகு குழாய் முடுக்கும் ஸ்பேனர். ஒன்பதாவது வாரம் வேறு வழியில்லாமல் தண்ணீர் பாய்ச்சும்போது போடும் ரப்பர் பூட்ஸையும் மாட்டிக்கொண்டேன். இருநூற்றெழுபது கிராம் பிராணிக்காக மூன்றரைக் கிலோ இரும்பையும் ரப்பரையும் சுமந்துகொண்டு நின்றேன். ஒரு தேவாங்கு மூன்றரைக் கிலோ இளைப்பது எப்படி என்று ஒரு குழந்தைகூடக் கேட்டிருக்கும். நான் கேட்கவில்லை. பயந்தவனுக்குக் கணக்கு வராது என்பதை அறுபதை நெருங்கும் வயதில் கற்றுக்கொண்டேன்.

பத்தாவது வாரம் புது டாக்டரம்மா வந்தார். சின்னப் பெண், மாட்டு டாக்டருக்குப் படித்து முடித்து முதல் வேலை. இருட்டில் நான் நடந்து வரும் சத்தத்தைக் கேட்டுவிட்டு, "ஐயா, என்ன அது சங்கிலி போட்ட மாதிரி சத்தம்?" என்றார். சாவி என்றேன். "ஒரு சாவியா?" என்றார். பொய் சொல்ல நாக்கு வரவில்லை. அதுவும் அந்த நாட்களில் நாக்கு எப்போதும் காய்ந்து கிடந்தது, சிவப்பு விளக்கின் சூடு என்று நினைத்திருந்தேன். ஒவ்வொன்றாக எடுத்து மேஜைமேல் வைத்தேன். சாவிக்கொத்து, பூட்டு, டார்ச், ஸ்பேனர். பூட்ஸைக் கழற்றினேன். டாக்டரம்மா மேஜையைப் பார்த்தார், பதிவேட்டைப் பார்த்தார், கடைசியாகத் துரையைப் பார்த்தார். பத்து வாரத்தில் அவனை அவன் எடைக்காக நேராகப் பார்த்த முதல் ஆள் அவர்தான் என்று நினைக்கிறேன், என்னையும் சேர்த்து.

"இவன் எங்கய்யா இளைச்சான், தொந்தி போட்டிருக்கானே" என்றார்.

மருந்துக் கிடங்கிலிருந்து ஒரு சின்னத் தராசைக் கையோடு எடுத்து வந்தார். அதைக் கேட்டு நான் இரண்டு விண்ணப்பம் எழுதிப்போட்டிருந்தேன், அவர் கேட்காமலே எடுத்து வந்துவிட்டார். ஒரு அட்டைப் பெட்டிக்குள் ஒரு கம்பை வைத்து, துரையின் கையில் அந்தக் கம்பைக் கொடுத்தார். துரை பிடித்தான், வழக்கம்போல விடவில்லை, அசையாமல் உட்கார்ந்தான். பெட்டி, கம்பு எடையைக் கழித்தார். முந்நூற்றுப் பத்து கிராம். நான் பிடித்துப் போட்ட வெட்டுக்கிளியெல்லாம் சேர்த்து அவன் நாற்பது கிராம் ஏறியிருந்தான்.

"என் முறையும் அதேதானே டாக்டரம்மா, நானும் கழிச்சுத்தானே போட்டேன்?" என்றேன்.

"கம்பு இளைக்காதுங்க ஐயா" என்றார் அவர்.

அப்புறம் என்னை வெறுங்காலோடு தனியாக ஏறச் சொன்னார். ஏறினேன். ஐம்பத்தேழு கிலோ தொள்ளாயிரம். முதல் பக்கத்தைத் திருப்பி அறுபத்தொன்று நானூற்றிருபதைப் பார்த்தார். துரை கம்பைக் கடித்துக்கொண்டிருந்தான். பத்து வாரமாக நான் பயந்து பயந்து எழுதினதெல்லாம் துரையின் எடை இல்லை. ஒவ்வொரு முறையும் என்னைக் கழித்துவிட்டு மிச்சத்தைத்தான் பார்த்தேன். கழிக்கிறவன் அப்படியே இருக்கிறான் என்று யார் எனக்குச் சொன்னது.

"தண்ணி நிறைய குடிக்கிறீங்களா?" என்று கேட்டார். ஒரு குடம் போதவில்லை என்றேன். "பசி?" இரண்டு ஆள் சாப்பாடு சாப்பிடுகிறேன், இதை நீ குறித்துக்கொள், உன் தம்பி பட்டினி கிடக்கவில்லை. "ராத்திரி எழுந்திரிக்கிறீங்களா?" நாலு தடவை. டாக்டரம்மா ஒரு சீட்டில் எழுதினார். "நான் மாட்டு டாக்டருங்க. ஆனா மாடு இப்படி இருந்தாலும் இதத்தான் சொல்லுவேன். நாளைக்கே போய் ரத்தம் குடுத்துட்டு வாங்க, சர்க்கரையா இருக்கும்" என்றார்.

ஆகவே அக்கா, விஷயம் இவ்வளவுதான். போனேன், ரத்தம் கொடுத்தேன், டாக்டர் பார்த்தார், வயசானால் எல்லோருக்கும் வருகிற சர்க்கரைதான், பயப்பட ஒன்றுமில்லை என்றார், மாத்திரை கொடுத்திருக்கிறார், வேளாவேளைக்குப் போடுகிறேன். கண்காணிப்பாளரிடம் டாக்டரம்மாவே போய்ப் பேசினார். துரை எங்கும் போகவில்லை, குறிப்பாணை ரத்து. ஸ்பேனரைப் பற்றி டாக்டரம்மா மேலே யாருக்கும் சொல்லவில்லை, நல்ல பெண். துரைக்குத் தொந்தி குறைய வேண்டும் என்று ஒரு சாப்பாட்டு அட்டவணை போட்டுக் கொடுத்திருக்கிறார். எனக்கும் ஒன்று போட்டிருக்கிறார். இரண்டையும் ஒரே ஆணியில் மாட்டியிருக்கிறேன், சில நாள் மாறிப்போய் அவனுடையதைப் படித்துவிடுகிறேன்.

வெள்ளிக்கிழமை பஸ்ஸில் வருகிறேன் என்று எழுதியிருக்கிறாய். வேண்டாம். முழங்காலை வைத்துக்கொண்டு ஏழு மணி நேரம் உட்கார உன்னால் முடியாது. இங்கே மாடிப்படி வேறு. என் சமையல் உனக்குப் பிடிக்காது, உன் சமையல் இனி எனக்குக் கூடாது. எனக்கு ஒன்றுமில்லை. நான் நன்றாக இருக்கிறேன். இதை மூன்று முறை எழுதிவிட்டதாக எனக்கே தோன்றுகிறது.

அத்தானுக்கு என் வணக்கம். பிள்ளைகளுக்கும் அவர்கள் பிள்ளைகளுக்கும் என் ஆசி. உன் முழங்காலுக்கு என் அனுதாபம். துரையும் விசாரித்ததாக எழுதச் சொன்னான், சொல்லாவிட்டாலும் அவன் முகம் அப்படித்தான் இருக்கிறது.

இப்படிக்கு,
உன் அடங்காத தம்பி

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போனேன், கை வரவில்லை. உன்னிடம் பொய் சொல்லி நான் உருப்பட்டதில்லை. முதலில் புழு விஷயம். கிடங்கிலிருந்து வந்த காய்ந்த புழு கெட்டுப்போயிருக்கிறதா என்று பார்க்க ஒரே ஒரு தடவை ஒன்றை வாயில் போட்டேன். கெடவில்லை. கொஞ்சம் உப்புத் தூவினால் இன்னும் நன்றாக இருக்கும். சித்தி மகனிடம் சொல்லாதே.

அடுத்தது, நான் டாக்டரிடம் போகவில்லை. சீட்டு பன்னிரண்டு நாளாகச் சட்டைப் பையில் இருக்கிறது, ஒரு முறை தண்ணீரில் போட்டுத் துவைத்தும்விட்டேன். மூன்று நாள் ஆஸ்பத்திரி வாசல்வரை போனேன், வாசலில் நின்றுவிட்டுத் திரும்பி வந்தேன். அவளும் இப்படி ஒரு சின்னச் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டுதான் அந்தப் படி ஏறினாள், ரத்தம் குடுத்துட்டு வந்துடறேன் என்றாள். மாத்திரை எதுவும் கிடையாது. அட்டவணை மட்டும் நிஜம். நேற்று வெறுங்காலோடு, பையில் ஒன்றுமில்லாமல், துரையும் இல்லாமல் ஏறிப் பார்த்தேன். ஐம்பத்தேழு கிலோ நூறு கிராம். பன்னிரண்டு நாளில் எண்ணூறு கிராம், இரண்டு துரைக்கு மேல் குறைந்திருக்கிறேன்.

வெள்ளிக்கிழமை வா அக்கா. துரை விரலைப் பிடித்துக்கொண்டு நிற்பான், ஆனால் கூட்டிக்கொண்டு போகத் தெரியாது அவனுக்கு. மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு போக நீதான் வேண்டும். பஸ் நிற்கிற இடத்தில் நான் இருப்பேன். இறங்கினதும் என்னைப் பார்த்து நீ முதலில் என்ன சொல்லிக் கூப்பிடப் போகிறாய் என்று எனக்குத் தெரியும். இந்தத் தடவை சண்டைக்கு வரமாட்டேன்.